நாலு மஞ்சள் கரு

கடலூர் முதுநகர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன ஞாயிறு வீடியோ காலில் பேசிக்கொண்டே முட்டை உரித்தாய். நாலு முட்டை. வெள்ளையெல்லாம் தட்டுக்கு, நாலு மஞ்சள் கருவும் குப்பைக் கூடைக்கு. கேட்டதற்கு, ஜிம்மில் சொன்னார்கள், கொலஸ்ட்ரால் என்றாய். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரிதான் தூக்கம் வரவில்லை.

உன் அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் அது தொடங்கியது. அப்புறம் வாரம் ஒன்று ஆனது. 2006-க்குப் பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-இல் வாரம் ஐந்து நாளும் முட்டை. ட்ரே ட்ரேயாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். அடியில் படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். ஓடு வழியாக ஈரம் போகப் போக உள்ளே காற்று சேரும், அதனால்தான் மிதக்கிறது. ஒரு முட்டை குறைந்தாலும் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வெள்ளையைத் தின்றுவிட்டுக் கருவை மட்டும் டவுசர் பையில் போட்டுக்கொள்வான். வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு. மணி அடிப்பதற்குள் பையில் மஞ்சள் மாவாக உதிர்ந்திருக்கும். அதையும் விடாமல் வழித்துக் கொண்டுபோவான். வெளியே எடுத்துப்போகக் கூடாது என்றுதான் விதி. நான் சாம்பார் வாளிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். உன் குப்பைக் கூடையைப் பார்த்ததும் அந்த டவுசர் பைதான் ஞாபகம் வந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். 50 கிராம் முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அது முழுக்க வெள்ளையில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெள்ளையில் மூன்றரை, மீதி இரண்டரை கருவில். நாலு கருவைக் கொட்டினால் 10 கிராம் புரதம் போச்சு. அப்புறம் டப்பாவில் புரதப் பவுடர் வாங்குகிறாய்! வைட்டமின் ஏ, டி, கண்ணுக்கு நல்லது என்கிற லூட்டீன், மூளைக்கும் ஈரலுக்கும் வேண்டிய கோலின், பி12-இல் பெரும்பங்கு, எல்லாமே கருவில்தான். உன் கேன்டீனில் சைவச் சாப்பாடு என்றாயே, பி12-க்கு அங்கே பாலையும் தயிரையும் விட்டால் வேறு வழியில்லை.

கொலஸ்ட்ரால் பொய் இல்லை. ஒரு கருவில் 185 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதியை நம் ஈரலே செய்கிறது. சாப்பாட்டில் வந்தால் பெரும்பாலான பேருக்கு ஈரல் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். அதை அதிகம் ஏற்றிவிடுவது வனஸ்பதி, வெண்ணெய், கொழுப்புக் கறி மாதிரியானவை. அமெரிக்காவில் நாளைக்கு 300 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பையே 2015–2020 உணவு வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள் என்று அக்கா படித்துச் சொன்னாள். அதற்காக நாலு கருவும் தின்னச் சொல்லவில்லை. ஒரு கருவுக்கு 55 கலோரி ஆகிறது. இரண்டு முழு முட்டை போதும், பசித்தால் இன்னொரு வெள்ளை சேர்த்துக்கொள். அப்பா கதை வேறு. அவருக்குச் சர்க்கரை, டாக்டர் சொன்ன அளவுதான்.

அப்பா இன்னும் நாட்டுக்கோழி முட்டைதான் சத்து என்று திருப்பாதிரிப்புலியூர் வரை போய் இரட்டை விலை கொடுத்து வாங்கி வருகிறார். கரு நல்ல நிறமாக இருப்பது கோழி தின்னும் தீனியால், ஓட்டு நிறம் கோழி ரகத்தால். ருசிக்கு வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. நீ நாமக்கல் முட்டையே தின்னு.

பச்சை முட்டை மட்டும் குடிக்காதே. அதை யார் சொன்னாலும் கேட்காதே. வெந்தால்தான் புரதம் நன்றாகச் செரிக்கும். பச்சை வெள்ளை, பயோட்டின் என்கிற பி வைட்டமினை உடம்பில் சேர விடாது. வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி பயம் வேறு. ரொம்பவும் வேகவைக்காதே, கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். கெடுதல் இல்லை, வாசனைதான் போய்விடும்.

முட்டையில் நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை. முருங்கைக்கீரை கிடைத்தால் நிறைய சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறு. கீரை முக்கால் பங்கு, முட்டை கால் பங்கு. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள். 2011-இல் ‘தானே’ என்கிற புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் உனக்கு இதைத்தான் செய்து போட்டேன், முறிந்து விழுந்த முருங்கைக் கிளைதான் கீரைக்கு. நீ மூன்று தடவை கேட்டாய்.

பார்சலில் மிளகுத்தூள் அரைத்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மிளகு முட்டைக்கு அரைத்த அதே பதம், கொஞ்சம் கொரகொரப்பு. கருவைப் பிளந்து அதன்மேல் தூவு, வெள்ளையில் ஒட்டாது. அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது முதலில் அந்தக் கூடையைக் காட்டு.

அம்மா