பந்து எங்களுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் நாகர்கோவில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கால்பந்துக்காரர்கள் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் நம்மூர்ப் பையன்கள் எதற்கு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு இங்கிலீஷ்காரன் ராக் என்று கத்துவதை எதற்குக் கேட்க வேண்டும், நமக்குக் கபடி இல்லையா, இளையராஜா இல்லையா என்று கேட்டிருந்தார். இளையராஜாவை நானும்தான் கேட்கிறேன், அதில் சண்டையே இல்லை. ஃபிளெக்ஸ் விஷயத்திலும் பாதி அவர் பக்கம்தான். வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாதபடி பதினைந்தடி உயரத்துக்கு ஒருவர் நின்றால், அவர் மரடோனாவாகவே இருந்தாலும் இடைஞ்சல்தான். இடித்து நெளிந்த வண்டி கடைசியில் என் கடைக்குத்தான் வரும், எனக்கு வருமானம், ஆனாலும் சொல்கிறேன். ஆனால் ‘வெளிநாட்டு மோகம்’ என்று மொத்தத்தையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார், அதைத்தான் விட மனசு வரவில்லை.

நான் கருங்கல் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலரை மணி ஆனால் காற்றடிக்கப் பையன்கள் வந்துவிடுவார்கள், வண்டிக்கு இல்லை, பந்துக்கு. ஊசியை வாயில் வைத்து எச்சிலில் நனைத்துத்தான் சொருக வேண்டும், காய்ந்த ஊசியைக் குத்தினால் உள்ளே வால்வு கிழிந்து பந்து போச்சு. இதை நான் சொல்லிக் கொடுத்த பையன்கள் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுடைய தம்பிமார் வருகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு எந்த நாட்டு மோகம் என்று பெயர் வைப்பது? எங்கள் விளவங்கோடு பக்கம் ‘களிக்கப் போறேன்’ என்றால் விளையாடப் போகிறேன் என்று அர்த்தம். 1956 வரை திருவிதாங்கூரோடு (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தோம் இல்லையா, அந்த மலையாள ஒட்டு. மதுரைக்காரரிடம் ‘பந்து களி’ என்று சொன்னால் அவர் கேப்பைக் களியை நினைப்பார், அது வேறு கதை.

நான் முதலில் பார்த்த உலகக் கோப்பை 1990. வயது பத்து. பக்கத்து வீட்டு மாமா ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிவைத்து, நாங்கள் இருபது பேர் முற்றம் வரை உட்கார்ந்து பார்ப்போம். முதல் மேட்சிலேயே கேமரூன் அர்ஜென்டினாவை 1-0 என்று சாய்த்தது. ஃபைனல் நம் நேரத்துக்கு நடுராத்திரி வாக்கில் நடந்தது, மேற்கு ஜெர்மனி ஒரு பெனால்டியில் ஜெயித்தது, மரடோனா நின்று அழுதார். எங்கள் பாட்டா (தாத்தா), ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனுஷன், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தோட்டத்துக்குப் போக வேண்டியவர், அன்றைக்குப் படுக்கவே இல்லை. “பாவம் டே அந்தக் குட்டையன்” என்று சொல்லிவிட்டு தலையில் ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு பால் வெட்டப் போனார். நான் அர்ஜென்டினா ஆளானது அன்றைக்குத்தான்.

அந்த நாகர்கோவில் அன்பர் ஒருமுறை ஜூன் மாசம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போய்ப் பார்க்கட்டும். எங்கள் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வருஷம் முழுக்க முப்பது நாள், நாற்பது நாள் என்று ஆழ்கடலில் கிடக்கிறவர்கள் மொத்தமாகக் கரையில் இருப்பது அந்த இரண்டு மாசம்தான். உலகக் கோப்பை வழக்கமாக எப்போது வருகிறது? ஜூனில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. ஃபிஃபாக்காரன் எங்கள் மீன்வளத்துறையைக் கேட்டுத் தேதி குறித்தது போல இருக்கும்! கத்தாரில் மட்டும் வெயிலுக்குப் பயந்து 2022 நவம்பர், டிசம்பரில் வைத்தார்கள். என் கூட்டாளி ஒருவன் அந்த ஃபைனல் ராத்திரி போட்டில் இருந்தான். 3-3, அப்புறம் பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா ஜெயித்ததை வயர்லெஸில் பக்கத்துப் போட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம். கடைசி நிமிஷத்தில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தாரே, அதைக் கரைக்கு வந்து என் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தான். டீ ஆறிப்போனது.

2018 உலகக் கோப்பையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அதற்கு முந்தின நவம்பர் கடைசியில்தான் ஒக்கி புயல். நான் வழக்கமாக மேட்ச் பார்க்கப் போகும் வீட்டில் அந்த ஜூனில் டிவி போடவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே கடற்கரையில் இரவிபுத்தன்துறை மணலில் இருந்து போனவர்தான் மைக்கேல் சூசைராஜ். 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துக் கோப்பையை வென்ற கொல்கத்தா ஏ.டி.கே. அணியில் ஆடினார். அவருக்கு யாராவது ஃபிளெக்ஸ் வைத்தால் வளைவாக இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

சரி, ராக் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கிட்டாரை யாரும் சினிமாவில் பார்த்துப் பிடிக்கவில்லை, சர்ச் கொயரில் பிடித்தார்கள். டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், ஜீப்பில் டிரம்ஸ், பின்னால் ஒரு கிட்டார். நானும் வாசித்தேன், சுமாராக. சவுதியில் இருந்த சித்தப்பா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரோடு இங்கிலாந்து ராக் குழுவான அயர்ன் மெய்டனின் கேசட் ஒன்றும் வந்தது (யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது, அட்டையில் இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்து அம்மா அதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்). அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ், சின்ன வயதில் லண்டன் வெஸ்ட் ஹாம் கிளப்பில் பந்துப் பயிற்சிக்குப் போனவர், கிட்டாரிலேயே வெஸ்ட் ஹாம் சின்னத்தை ஒட்டி வைத்திருக்கிறவர். அது தெரிந்த பிறகு எனக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டார். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூரு பேலஸ் கிரவுண்டுக்கு வந்தபோது நானும் ஒரு மச்சானும் குழித்துறையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் விடியற்காலை இறங்கி, சாயங்காலம் வரை ரோட்டில் சுற்றி, பார்த்துவிட்டுத்தான் வந்தோம். இரண்டு நாள் கடை சாத்தியதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி. இன்றைக்கும் கடையில் அதைத்தான் போடுகிறேன். “எது பாட்டு, எது என் வண்டி சைலன்சர் என்றே தெரியல அண்ணே” என்பார்கள். எனக்குத் தெரியும், அது போதும்.

இன்னொன்று சொன்னால் அந்த அன்பருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2003ல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்று இரண்டே பேர் இருந்த அமெரிக்க ராக் குழு ஒன்று ஒரு பாட்டு போட்டது. அதன் கிட்டார் மெட்டை பெல்ஜியத்து ப்ரூஜ் அணி ரசிகர்கள் பிடித்துக்கொண்டு கேலரியில் ‘ஓ... ஓஓஓஓ... ஓ’ என்று பாடத் தொடங்கினார்கள், அவர்களிடம் கேட்டு இத்தாலிக்காரர்கள் 2006 உலகக் கோப்பை முழுக்கப் பாடினார்கள், அப்புறம் உலகம் பூரா பரவிவிட்டது. போன வருஷம் இங்கே ஒரு திருவிழா டோர்னமென்ட்டில் செமி ஃபைனல், ஒரு கோல் விழுந்ததும் பேண்ட் செட்டில் இருந்த டிரம்பெட்காரர், அறுபது வயது இருக்கும், காலையில் மாதா பாட்டு வாசித்த அதே டிரம்பெட்டைத் தூக்கி அதே மெட்டை ஊதினார். கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. எந்தப் பாட்டு என்று போய்க் கேட்டேன். “இது ஃபுட்பால் பாட்டு தம்பி, பழசு” என்றார். ராக் என்று நான் சொல்லவில்லை.

கபடிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் விளையாட எங்கே இடம்? எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளி மைதானம் லீவு நாளில் பூட்டு. கேட்டால் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள் என்கிறார்கள், பூட்டினால் ஏறித்தானே குதிப்பான்! டர்ஃப் வந்திருக்கிறது, ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஒரு மணி நேரம், நல்ல பச்சைத் தரை, விழுந்தால் முட்டி எரியும். காசு இல்லாதவன் எங்கள் கடை ஓரத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பான். அவனைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம். 2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 48 அணி, 104 மேட்ச். பெரும்பாலும் நம் நேரத்துக்கு நடுராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடக்கும். உங்கள் பேப்பர் அச்சாகி வேனில் மார்த்தாண்டம் தாண்டும்போது பல மேட்ச் முடிந்தே இருக்காது, முடிந்ததை நாங்கள் போனில் பார்த்திருப்போம். ஒரு நாள் பழைய ஸ்கோருக்கு அரைப் பக்கம் எதற்கு? தடைக்காலத்தில் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் டோர்னமென்ட் நடக்கும். அதற்குக் கால் பக்கம் கொடுங்கள். போடும்போது, யார் தலைமை தாங்கினார், யார் பொன்னாடை போர்த்தினார் என்பதோடு நிறுத்தாமல், கோல் அடித்த பையன் பெயரையும் போடுங்கள். பந்துக்குக் காற்றடிக்க வரும்போது நான் அவனிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.