செட்டைக்குக் கம்பி கட்டாமல் விடாதே: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகன்,

நீ செய்கிற சுவோர்ட்பிஷ், அதுதான் இரண்டாம் உலகப்போர்க் கால இரட்டைச்செட்டை விமானத்தின் பிளாஸ்ரிக் மாதிரி, அதன் படங்களைப் பார்த்தேன். பூச்சு நன்றாக வந்திருக்கிறது. செட்டையில் (இறக்கையில்) ஒட்டிய வட்டச் சின்னங்களின் ஓரத்தில் வெள்ளை பிடிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். ஆனால் மேற்செட்டைக்கும் கீழ்ச்செட்டைக்கும் நடுவில் ஒரு கம்பிகூட இல்லை. கேட்டால், "1/72 அளவில் கம்பி எங்க மாமா தெரியப்போகுது" என்கிறாய், உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்குதானே என்று. இதே கதையை வேறு பிள்ளைகளும் சொல்வதால் பதிலை எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோபிக்காதே.

முதலில், நீ செய்வது எந்த விமானம் என்று யோசி. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம்முடைய மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் விமானம் அது. அன்று கப்பலில் விமானம் எதுவும் இல்லை. 814ஆம் அணியின் சுவோர்ட்பிஷ்களைத் திருகோணமலையில் இறக்கிவிட்டுத்தான் கப்பல் புறப்பட்டது. கப்பல் மூழ்கியதில் 307 பேர் இறந்துபோனார்கள். அதற்கு நான்கு நாள் முன்னர், ஏப்ரல் 5 அன்று, திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து கொழும்புப் பக்கம் போன ஆறு சுவோர்ட்பிஷ்களை ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானங்கள் சுட்டு விழுத்தின. ஹெர்மிஸ் இன்றைக்கும் ஐம்பது மீற்றருக்கும் கீழே நம் கடலில்தான் கிடக்கிறது. வேறு ஊர்க்காரன் கம்பியை விட்டால் நான் பேசமாட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு நீ விடலாமா மனே?

சரி, விசயத்துக்கு வருகிறேன். கம்பி அலங்காரம் இல்லை. துணி போர்த்த மெல்லிய செட்டை தனியே நின்று பாரம் தாங்காது. இரண்டு செட்டை, நடுவில் அவற்றைத் தாங்கும் கால்கள், மூலைக்கு மூலை கம்பி என்று எல்லாம் சேர்ந்தால்தான் அது ஒரு பெட்டி மாதிரி விறைத்து நிற்கும். உடல் பக்கம் கீழே தொடங்கி வெளியே மேற்செட்டைக்கு ஏறுகிற கம்பிகள் பறக்கும்போது வேலை செய்பவை. காற்று செட்டையை மேலே தூக்க, இவை இழுத்துப் பிடிக்கும். மேலே நடுவில் தொடங்கி வெளியே கீழ்ச்செட்டைக்கு இறங்குபவை தரையில் நிற்கும்போது செட்டை தொங்காமல் பிடிப்பவை. வானத்தில் வரும் இழுவை பல மடங்கு என்பதால், அந்தக் காலத்து விமானங்களில் ஏறுகிற கம்பிகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே குறுக்காக ஓடுபவை செட்டை முறுகாமல் காக்கின்றன. எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விளங்கிவிட்டால், வரைபடத்தை அரைவாசிதான் பார்க்க வேண்டிவரும். மீதிக்கு இங்கிலாந்தில் இன்னும் வைத்திருக்கிற டபிள்யூ 5856 இலக்க சுவோர்ட்பிஷை முன்னாலிருந்து எடுத்த படங்களைத் தேடிப் பார்.

அடுத்தது, எதால் கட்டுவது. தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) என்று உடனே சொல்வாய். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கிற 0.2 மில்லிமீற்றர் தங்கூசியை 72ஆல் பெருக்கிப் பார். உண்மை விமானத்தில் 14.4 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பி! தோணி கட்டுகிற கயிறு போல இருக்கும். 0.1 கிடைத்தாலும் 7.2 வரும், அதுவும் மொத்தம்தான். டாமியா என்ற ஜப்பானியக் கம்பனியின், உன்னுடையதை விடப் பெரிய 1/48 அளவு மாதிரிப் பெட்டிக்கு உலோகத் தகட்டில் வெட்டிய கம்பிகளைத் தனியாக விற்கிறார்கள். உண்மையான கம்பியும் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருந்ததால் அது நன்றாகப் பொருந்தும். உன்னுடைய அளவுக்கு அது உதவாது.

தலைமயிரால் கட்டுகிறவர்களும் உண்டு. மெல்லியது, இலவசம். ஆனால் நம்முடைய ஊரில் வேண்டாம். ஈரம் ஏற மயிர் நீளும், காய்ந்தால் சுருங்கும். அதை வைத்துத்தான் 1783 இல் சோசூர் என்ற சுவிஸ்காரர் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியே செய்தார். வறண்ட கச்சான் காற்றில் இழுத்துக் கட்டிய மயிர் மாரியில் தொய்ந்துபோகும். மாரியில் கட்டினால் இன்னும் மோசம்: கச்சானில் சுருங்கி மேற்செட்டையை இழுத்துக் கோணலாக்கும்.

நீ மேற்செட்டையை ஏற்கெனவே ஒட்டிவிட்டதால், துளை போட்டு ஊடாக இழுக்கிற முறை இனிச் சரிவராது. அதற்குச் செட்டை சேர்ப்பதற்கு முன்பே 0.3 ஊசியால் துளைத்திருக்க வேண்டும். உனக்கு நான் சொல்வது, பாகங்களை வெட்டி எடுத்த பிறகு பெட்டியில் மிச்சமிருக்கிற பிளாஸ்ரிக் சட்டம். அதை உருக்கி இழையாக இழுக்கலாம். ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டு. சுடரில் படவிடாதே, பற்றிவிடும். பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் ஒரே வேகமாக இழு. விரைவாக இழுத்தால் மெல்லியதாக வரும். முதல் சில இழை வீணாகத்தான் போகும், சட்டத்துக்கு என்ன பஞ்சமா?

கணிதப் பெட்டியில் உள்ள பிரிகருவியால் இடைவெளியை அளந்து, இழையை அந்த அளவுக்கு வெட்டு. இரண்டு நுனியிலும் பைண்டர் கம் ஊசிமுனையளவு. சூப்பர் குளூ வேண்டாம். நம்முடைய ஈரக்காற்றில் அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து, நீ அடித்த பூச்சைக் கெடுத்துவிடும். குறுக்குக் கம்பிகளை முதலில் போடு. அப்புறம் உடல் பக்கத்திலிருந்து வெளியே வா. வெளியில் தொடங்கினால் உள்ளே கை போகாது.

எல்லாம் காய்ந்த பிறகு சில இழைகள் தொய்ந்து நிற்கும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, நுனியை இழைக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோ. தொடாதே. சூட்டுக்கு இழை தானாகச் சுருங்கி நேராகும். பார்க்க ஆசையாக இருக்கும், அதற்காக அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காதே, அறுந்துவிடும். மின்விசிறியையும் அந்த நேரம் நிறுத்து, இல்லாவிட்டால் நெருப்பு நுனி ஆடும்.

டோபிடோவை இன்னும் ஒட்டவில்லை என்று படத்தில் தெரிகிறது. நல்லது, அப்படியே வை. அடிப்பக்கக் கம்பிகள் முடிந்தபிறகு ஒட்டலாம். மெல்லிய இழை வரவில்லை என்றால் போன் எடு, என்னிடம் இழுத்து வைத்தது கொஞ்சம் இருக்கிறது. கல்லாற்றுப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா
கல்லடி