ஃப்ரீடவுனுக்குக் கிளம்பும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில் ஆஸ்பத்திரிக் கப்பலில் மயக்க மருந்து டாக்டராக உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தம்பி போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பூரிப்பு. அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "சம்பளமும் கிடையாதாம், தங்கிச் சாப்பிடுகிற செலவும் நம்ம கையிலிருந்தாம்" என்கிறான். அந்தக் கப்பலை நடத்துகிற மெர்சி ஷிப்ஸ் தொண்டு நிறுவனத்தில் அதுதான் நடைமுறை. டாக்டரானாலும் சமையல்கட்டில் நிற்பவரானாலும் பெரும்பாலும் அவரவர் செலவை அவரவர்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். போகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே போடுகிறேன்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வருவாள். பிள்ளைக்கு உதடும் அண்ணமும் பிளந்து இருந்தது. பஸ்ஸில் யார் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் பிள்ளை முகத்தை மூடியே கொண்டுவருவாள். கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால்தான் இப்படி என்று மாமியார் வீட்டில் அவளைப் பேசாத நாள் இல்லை. பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்க வராது. சங்கில் பாலை எடுத்து, பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உலகத்தில் சுமார் 700 பிள்ளைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவளிடம் இதைச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்பது எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து இலவசமாக ஆபரேஷன் செய்தது. எந்தக் குழு, எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கைதேர்ந்தவர்கள், நல்ல மனசுக்காரர்கள். வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அப்புறம்தான் அண்ணத்தில் தையல் விட்டது. குடிக்கிற பால் மூக்கு வழியாக வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்ன நூல் போட்டார்கள், எப்படித் தைத்தார்கள், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கவும் ஆள் இல்லை. அண்ணத்தைத் தைத்தால் பாதி வேலைதான் முடிந்தது, பிள்ளை தெளிவாகப் பேசினால்தான் மீதி முடியும் என்பது உனக்குத் தெரியாததா?

அதனால் போகாதே என்று சொல்லவில்லை. கட்டாயம் போ. பாதுகாப்பான, கைக்கெட்டும் செலவில் ஆபரேஷன் கிடைக்காதவர்கள் உலகத்தில் 500 கோடிப் பேர் என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்குச் சொன்னது. ஆனால் போகிற இடத்தில் யார் தங்கப்போகிறார்களோ அவர்களுக்காகப் போ.

நம்ம பக்கமே பாரேன். 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்த லண்டன் டாக்டர் சாமர்வெல், அது முடிந்து ஊர் சுற்ற இறங்கியவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், ஒற்றை ஆளாக அல்லாடிய டாக்டரையும் பார்த்தார். அப்போதே கை கொடுத்தார். பிறகு அங்கேயே வந்து வருஷக்கணக்காக வேலை பார்த்தார். எல்லோராலும் அப்படித் தங்க முடியாது, சரி. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள். 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்து, 1988-இல் நம்ம திருநெல்வேலிக்கும் வந்தது. வெளிநாட்டு நண்பர்கள் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை நன்கொடையாகத் தந்ததோடு நிற்கவில்லை. அதை இங்கேயே செய்யவும் உதவினார்கள். 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிக்கிற நிறுவனமான ஆரோலேப் வந்தது. லென்ஸ் விலை ஏழைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கியது. இன்றைக்கு நம்ம ஊர்ப் பாட்டிகளை கேம்ப் முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றிப்போய், கண் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏதாவது உறுத்தினால் போய்ப் பார்க்க ஆஸ்பத்திரி அங்கேயேதான் இருக்கிறது.

சியரா லியோனில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ்கள். கப்பலுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். ஆக்சிஜன் இறங்க இறங்க மானிட்டர் சத்தத்தின் சுருதியும் இறங்குமே, திரையைப் பார்க்காமலே அதைக் காதால் பிடிக்கப் பழக்கு. கரண்ட் போனால், மானிட்டரே இல்லாவிட்டால் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நீயும் கேட்டுத் தெரிந்துகொள். உனக்கு அந்த அனுபவம் கிடையாது. நீ கொடுத்த மருந்தையும் அளவையும் அவர்கள் வாசிக்கிற மாதிரி எழுதிவை. கப்பல் கிளம்பிய பிறகு தையல் விட்டால் அந்தத் தாய் யாரிடம் போவாள் என்று முதல் நாளே டீம் லீடரிடம் கேள். புதுசாக வந்தவள் கேட்கலாமா என்று தயங்காதே.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடு. சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள், அங்கே இறங்கியதும் கேட்பார்கள்.

அன்புடன்,
அத்தை