கஷாயத்தைப் பற்றிக் கேட்டாயே

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் நலம். சின்னவன் மட்டும் இருமிக்கொண்டே திரிகிறான்.

சரி, நிலவேம்புக் கஷாயத்துக்கு வருகிறேன். நிலவேம்பில் சரக்கு, அதாவது வேலை செய்கிற மருந்துப் பொருள், இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. ஆண்ட்ரோகிராபோலைடு என்று பெயர். அந்தக் கசப்புக்கே முக்கியக் காரணம் அதுதான். இலையில் அதிகம், தண்டில் குறைவு. தண்டையும் சேர்த்து இடித்தால் தூள் நிறைய வரும், சரக்கு குறையும்.

இங்கே லிட்டில் இந்தியாவில் வாங்கிய தூளை அண்மையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்தோம். மெத்தனாலில் ஊறவைத்து, குலுக்கி, வடிகட்டினால் கரும்பச்சையாக ஒரு சாறு. அதை எச்.பி.எல்.சி. என்ற, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவிக்குள் செலுத்தி 225 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால், சுத்தமான ஆண்ட்ரோகிராபோலைடு வரும் அதே நிமிடத்தில் திரையில் ஒரு பீக், அதாவது மலைமுகடு போன்ற கோடு, எழும்புகிறது. அதன் பரப்பை வைத்து அளவைக் கணக்கிடுவோம். அப்புறம் அதே தூளை வீட்டில் செய்வதுபோல் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பார்த்தேன். பீக் குட்டையாகிவிட்டது. ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் லேசில் கரையாது, அதுதான் விஷயம். ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதம் உன் டம்ளருக்குள் அப்படியே வந்துவிடாது.

அதற்காகக் கஷாயம் வீண் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம், கோரைக்கிழங்கு என்று போகும். மிளகில் உள்ள பைப்பரின் என்ற காரப் பொருள், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை உடம்பு கூடுதலாக ஏற்க வைக்கிறது என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். நிலவேம்புக்கும் அது கைகொடுக்குமா? ஒற்றை பீக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிற எங்கள் இளசுகளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அம்மாவுக்கு இப்போது கொடுக்காதே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். ஆண்ட்ரோகிராபோலைடும் ரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிகிறது. டாக்டரிடம் கேட்காமல் ஒரு மடக்குகூட வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் உன் மருமகளுக்கும் ஆகாது.

உனக்காக வாங்குவதென்றால் பாக்கெட்டில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா, எண்ணுக்குப் பின்னால் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் ‘டி’ (T) எழுத்து இருக்கிறதா என்று பார். பதிவான பாரம்பரிய மருந்து என்றால் ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கும் சோதித்திருப்பார்கள். சாக்கிலிருந்து அள்ளித் தரும் தூளுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

கீழாநெல்லியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். மகனுக்கு எஸ்பிஎம் பரீட்சை எப்போது முடிகிறது? விடுமுறைக்கு அவனை இங்கே அனுப்பி வை.

அன்புடன்,
மாலா