ஷாக்கை இறுக்குமுன் டேப்பை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இளைஞர் பக்கத்தில் வந்த பைக் குறிப்புகளில், 'டிராக்கில் ஓட்டப் போகிறவர்கள் பின் ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) கடைசிப் படி வரை இறுக்கிவிட வேண்டும்' என்று இருந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் வண்டி எடுத்துப் போகிற பிள்ளைகள் உண்டு. அந்தக் குறிப்பை நம்பி இறுக்கினால், பிரேக் பிடிக்கிற இடத்தில் பின்சக்கரம் துள்ளும், வளைவில் டயருக்குப் பிடிமானம் போகும். அதனால் இதை எழுதுகிறோம்.

ஷாக்கின் மேலே இருக்கும் வளையத்தைச் சுற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனிலும், சுருளின் விட்டத்திலும், சுற்றுகளின் எண்ணிக்கையிலும் அடங்கியிருக்கிறது. வளையத்தை இறுக்கும்போது மாறுவது வண்டி நிற்கிற உயரம்தான். ஸ்பிரிங்கை இப்படி முன்கூட்டியே அமுக்கி வைப்பதைத்தான் பிரீலோட் என்கிறோம். சக்கரம் மேட்டில் ஏறும்போது உள்ளே போக இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளத்தில் கீழே இறங்கவும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். முழுக்க இறுக்கிய ஷாக் ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க வழியில்லை, டயர் அந்தரத்தில் நிற்கும்.

ஆகவே முதல் வேலை, ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளப்பது. பட்டறையில் இதைச் 'சேக்' என்பார்கள். டேப் ஒன்று, உதவிக்கு இரண்டு பேர், சமதளமான தரை, இவை போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு இருந்தால் மட்டம் அருமையாக இருக்கும், ஆனால் வழுக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் நனைத்த கோணிச்சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தை முற்றிலும் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒட்டிய டேப் அடையாளம் வரை அளக்க வேண்டும். 560 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். பிறகு வண்டியைத் தன் எடையில் நிற்கவிட்டு அளந்தால் 552. அதாவது வெறும் வண்டி 8 மி.மீ. அமுங்கியிருக்கிறது. அடுத்து ஓட்டுகிறவர் லெதர் சூட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, கால்களைப் படியில் வைத்து, டிராக்கில் எப்படிக் குனிவாரோ அப்படி உட்கார வேண்டும். லுங்கியோடு ஏறி அளந்தால் கணக்கு தப்பும். இந்த உடுப்பே ஏழெட்டுக் கிலோ வரும். ஒருவர் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்பக்கத்தை மெல்ல அமுக்கி விட்டு அளந்தால் 526, மெல்லத் தூக்கி விட்டு அளந்தால் 532. உராய்வினால் இந்த வித்தியாசம் எப்போதும் வரும். நடு அளவு 529. 560-இல் அதைக் கழித்தால் 31 மி.மீ.

டிராக்கில் ஓட்டுவதற்கு, ஆளோடு அமுங்கும் அளவைப் பின்சக்கரத்தில் 25 முதல் 30, முன்சக்கரத்தில் 30 முதல் 35 மி.மீ. என்று தொடங்கலாம். மேலே சொன்ன வண்டிக்கு வளையத்தை ஒரு சுற்று இறுக்கினால் போதும். பல ஷாக்குகளில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ. ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் நெம்புகோலான லிங்கேஜ் வழியாக அது சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்காகும், ஆகவே 3 மி.மீ. உயரும். கொக்கி ஸ்பேனரை வைக்குமுன் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நம் பக்கத்துச் செம்மண் அதில் புகுந்திருந்தால் அலுமினிய வளையத்தின் மரை சுரண்டுப்பட்டுப் போகும்.

அந்த 8 மி.மீ. எதற்கு என்று கேட்கலாம். ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வது அதுதான். ஆளோடு அளவைச் சரியாக வைத்த பிறகு, வெறும் வண்டி பின்னால் 5 முதல் 10 மி.மீ. அமுங்கினால் நல்லது. துளியும் அமுங்காமல் உச்சியில் முட்டி நின்றால் ஸ்பிரிங் மெலிது. மெலிந்த ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கி உயரத்தைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று பொருள். மாறாக 15, 20 என்று அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 55 கிலோ ஒல்லிப் பிள்ளைக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்துவராது. இரண்டு பேர் ஏறிப் போவதற்காகக் கம்பெனி வைத்த ஸ்பிரிங், ஒல்லியானவர் தனியாக ஓட்டும்போது கடினமாகவே இருக்கும். அதற்கு மேலும் அவர் இறுக்கினால் என்ன ஆகும்?

அளப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. டயர் காற்று முதலில். அது தவறாக இருந்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். செயின் அடுத்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலும் கீழும் போகும் வழியில் ஓரிடத்தில் செயின் மிக இறுகும். ஆள் ஏறி அமுக்கிய நிலையில் அங்கும் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்து 'கின்' என்று இறுக்கிய செயின், ஷாக்குக்குக் கட்டிய கயிறு. வாட்டர் சர்வீஸில் வேகமான பீச்சுக்குழாயை லிங்கேஜ் பக்கம் காட்டியே பழக்கப்பட்ட வண்டியானால், அந்த பேரிங்குகளில் கிரீஸ் மிஞ்சியிருக்காது. கழற்றிப் பூச வேண்டும்.

முன்பக்கம் அமுக்கினால் கரகரவென்று தயங்கி இறங்குகிறதா? ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) வளைந்துவிட்டது என்று பயப்படுமுன் அச்சைப் பாருங்கள். சக்கரம் மாட்டும்போது அச்சை முறுக்கிய கையோடு அடியிலுள்ள கவ்வு போல்ட்டையும் இறுக்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அச்சை மட்டும் இறுக்கி, வண்டியை இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து தடவை அமுக்கி விட்டு, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தானே நேரான பிறகுதான் கவ்வு போல்ட் இறுக வேண்டும். ஃபோர்க்கின் எண்ணெயை அடைக்கும் சீலில் எண்ணெய் கசிந்தாலும் உடனே புதுச் சீல் தேவைப்படாது. தூசி சீலை நகர்த்தி, பழைய எக்ஸ்ரே பிலிமைக் கொக்கியாக வெட்டி உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினால் மண் வந்துவிடும். அதன் பிறகும் கசிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கசியும் எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் இறங்கும், அதோடு டிராக்குக்குப் போகக் கூடாது.

நம் ஊரில் ஓடும் 150, 200 சிசி வண்டிகள் பலவற்றில் முன் ஃபோர்க்கில் சரிசெய்யும் திருகே கிடையாது. அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ஸ்பேசர் குழாயை 5 மி.மீ. நீளமாக்கினால் பிரீலோட் 5 மி.மீ. கூடும். குழாயின் வாய் சதுரமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் ஸ்பிரிங் பக்கவாட்டில் உரசும். எண்ணெயை மாற்றும்போது, 'ஒரு காலுக்கு இவ்வளவு மில்லி' என்று ஊற்றிவிட்டு மூடாதீர்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் செய்து காற்றை வெளியேற்றி, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு காலிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். மட்டத்தை 5 மி.மீ. உயர்த்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் கடைசிப் பகுதியில் மட்டும் கெட்டியாகும். கடும் பிரேக்கில் அடிமுட்டுகிற வண்டிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. டப்பாவில் '10டபிள்யூ' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் 10, இன்னொன்றின் 7.5 போல ஓடும். ஒரே எண்ணெயைத் தொடர்ந்து போடுவது நல்லது.

அடிமுட்டுகிறதா என்று தெரிய, உள்குழாயில் தூசி சீலை ஒட்டி ஒரு ஜிப் டை கட்டுங்கள். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால் அது தள்ளப்பட்டிருக்கும். உண்மையான முடிவு எங்கே என்பதை, ஸ்பிரிங் இல்லாமல் அமுக்கிய அன்றே குறித்து வைத்திருக்க வேண்டும். மிகக் கடுமையான பிரேக்கில் 10 முதல் 15 மி.மீ. மிச்சமிருந்தால் சரி. 40 மிச்சமென்றால் அந்த நீளத்துக்குக் காசு கொடுத்துப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள்.

திருகு உள்ள வண்டிக்காரர்களுக்கு வருகிறோம். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் தனியாகக் கேட்டு வாங்கும் கிட்டில் ரீபவுண்டுக்கும் (அமுங்கியது எழும் வேகம்) கம்ப்ரஷனுக்கும் (அமுங்கும் வேகம்) 20 படிகள், அதாவது கிளிக்குகள், உண்டு. 2024-க்கான கேடிஎம் 390 டியூக் முன் ஃபோர்க்கில் 5 படிகள்தான். ஆகவே 'நான் மூன்று கிளிக் குறைத்தேன்' என்று நண்பர் சொல்வது உங்கள் வண்டிக்கு உதவாது. எண்ணுவதற்கு ஒரே முறைதான்: கடிகாரச் சுற்றில் மெல்ல முழுக்க மூடி, அங்கிருந்து திறந்துகொண்டே எண்ணுவது. மூடும்போது பலம் காட்டினால் உள்ளே ஊசியின் இருக்கை கெடும்.

ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஸ்பிரிங் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. பின் இருக்கையை நேராக அமுக்கி விட்டால், ஏறத்தாழ ஒரு விநாடியில் எழுந்து, மேலே தாண்டி ஆடாமல் நிற்க வேண்டும். பின்னால் இது அளவுக்கு மீறி இறுகினால், அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் எழ நேரமில்லாமல் படிப்படியாகப் புதையும். வளைவை விட்டு வெளியே வந்து ஆக்சிலரேட்டர் திருகும்போது முன்சக்கரம் லேசாகி, வண்டி வெளிவட்டத்துக்கு ஓடும். 'ஷாக் கடினமாக இருக்கிறது' என்று ஓட்டுகிறவர் சொல்வார், உண்மையில் அது அமுங்கியே கிடக்கிறது. முன்னால் ரீபவுண்ட் தளர்ந்திருந்தால் பிரேக்கை விட்டவுடன் மூக்கு துள்ளி எழும். கம்ப்ரஷன் அதிகமானால் சின்னச் சுருக்கங்கள்கூடக் கைக்கு வரும், குறைந்தால் மூக்கு சடக்கென்று குப்புற விழும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.717 கி.மீ. நாலைந்து சுற்றில் ஷாக் எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும். காலையில் குளிர்ந்த வண்டியில் வைத்த கிளிக் மதியத்துக்குத் தளர்ந்ததுபோல் தெரியும். சூடான பிறகு ஒரு தடவையில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். கல்யாணச் சாமானில் கரண்டிக்குக்கூடக் கணக்கெழுதுகிற ஊர்க்காரர்களுக்கு நோட்டுப் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேஸ் நிரப்பிய ஷாக்கை வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது, பாகங்கள் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே வரும்.

வண்டியை ஓட்டிக்கொண்டே 400 கிலோமீட்டர் போகிறவர்கள், பையைக் கட்டிய எடையோடு அளக்காமல், டிராக் வாசலில் பையை இறக்கிய பிறகு அளக்கவும். திரும்பும்போது நோட்டைப் பார்த்துப் பழைய ரோட்டு அளவுக்குக் கிளிக்குகளைக் கொண்டுவந்துவிட்டே கிளம்புங்கள். இரவில் திருமயம் தாண்டி வரும்போது பெயின்ட் அழிந்த வேகத்தடை முன்னறிவிப்பு கொடுத்து வராது.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறைக்காரர்கள் சிலர்,
காரைக்குடி.