எடுத்த வரி, எடுக்காத வரி

குலசேகரம்,
ஆனி, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மக்கா,

போன வாரம் தோவாளைக்குப் போயிருந்தேன். உங்க அம்மா நன்றாக இருக்கிறார்கள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. சாயா போட்டுக் கொடுத்து, நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். உங்க அப்பா இன்னும் விடியும் முன்னே பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். நான் போன நேரத்தில் திரும்பி வந்து கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், இந்தக் கடிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே மழை விடவில்லை. பத்து நாளாக ரப்பர் பால்வெட்டு இல்லை. திற்பரப்பில் தண்ணீர் கலங்கி விழுகிறது. உன் மயினிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம்தான். கரண்ட் போய்ப் போய் வருவதால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் கேட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன், பாதி பதில்தான் சொன்னேன். இருநூறு வரி உள்ள எக்செல் ஷீட் ஒன்றைக் கையில் கொடுத்து, முந்நூறு யூசர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்க்கும் லோடு டெஸ்டை ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், இதை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டாய். அந்த யூசர்களைப் போல நடிக்கும் ஸ்கிரிப்ட் எழுத நீ சீக்கிரம் பழகிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வேலையில் நான் பட்ட அடிகளில் பெரும்பாலானவை டேட்டாவால் வந்தவை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பங்கு போடுவதற்கு முன்னால் ஷீட்டில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு பத்தியையும் பார்த்து ஒரு கேள்வி கேள். இந்த மதிப்பை ஒரு தடவை பயன்படுத்திய பிறகு மறுபடியும் பயன்படுத்த முடியுமா? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகின் டிக்கெட்டை நினைத்துக்கொள். கிழித்துக் கொடுத்தால் முடிந்தது, அதே டிக்கெட்டில் இன்னொருவர் ஏற முடியாது. படகுத்துறையின் பெயர்ப்பலகையை எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊர் பெயர், பின்கோடு, தேடும் சொல் எல்லாம் பெயர்ப்பலகை மாதிரி. புதுப்பிக்க வேண்டிய பாலிசி எண், ரத்து செய்ய வேண்டிய ஆர்டர் எண் எல்லாம் டிக்கெட். லாகின் ஐடி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் போனால், சில அப்ளிகேஷன்கள் முதலில் உள்ளே போனவரை வெளியே தள்ளிவிடும்.

டிக்கெட் வகை எத்தனை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு பாலிசியைப் புதுப்பித்து முடிக்க 90 விநாடி ஆகிறது என்று வை. மணிக்கு 40 பாலிசி. முந்நூறு பேர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 12,000 வரி. முதல் ஓட்டம் எப்போதும் ஏதாவது காரணத்தால் பாதியில் நிற்கும், அதற்கும் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு கையிருப்பு வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டேட்டாபேஸைப் பழைய நிலைக்கு மீட்டுத் தர ஆள் வேண்டும். உன்னிடம் இருப்பது இருநூறு வரி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி உன் மேனேஜரிடம் இன்றைக்கே காட்டு.

லோடு டெஸ்ட் ஓட்டும் ஜேமீட்டர் கருவியில், சிஎஸ்வி கோப்பிலிருந்து (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வரி வரியாக எடுத்துக் கொடுக்கச் சிஎஸ்வி டேட்டா செட் கான்ஃபிக் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் கோப்பு தீர்ந்தால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கட்டும் என்பதுதான் இயல்பான அமைப்பு. நீ கைவைக்காவிட்டால் இருநூறு வரியும் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். அந்த இருநூறு பேரின் தகவலும் டேட்டாபேஸின் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். டிஸ்கைத் தொடவே வேண்டியிருக்காது, பதில் பிரமாதமான வேகத்தில் வரும். அந்த வேகம் பொய். இதற்கு நேர் எதிரான கெடுதலும் உண்டு. எல்லோரும் ஒரே கணக்கைத் திருத்த முயன்றால் ஒருவர் அந்தக் கணக்கின் மேல் போட்ட பூட்டை விடும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்தத் தாமதமும் பொய். இரண்டிலும் சர்வரின் மேல் குற்றமோ பெருமையோ இல்லை.

சுற்ற விடக்கூடாது என்று அந்த அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது, கோப்பு தீர்ந்ததும் திரெட்டை (ஒரு யூசரின் ஓட்டத்தை) நிறுத்து என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். நான் இரண்டாவதைப் போடாமல் விட்டேன். 37-ஆவது நிமிடத்தில் பிழைகள் குபீரென்று ஏறின. விடிய விடிய சர்வர் லாகைக் குடைந்தோம். வரி தீர்ந்துபோனால் ஜேமீட்டர் அந்த மாறிக்குள் இஓஎஃப், அதாவது கோப்பு முடிந்தது, என்ற அடையாளத்தை வைத்துவிடும். எங்கள் முந்நூறு யூசரும் பாலிசி எண் என்ற இடத்தில் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சர்வர் அதைப் பார்த்ததும் மறுத்துவிடுகிறது, மறுப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அதனால் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் குறைந்து அழகாகத் தெரிந்தது. இனி நீ ரிப்போர்ட் பார்க்கும்போது, வேகம் திடீரென்று கூடினால் முதலில் கோப்பு தீர்ந்ததா என்று பார்.

ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரத்தில் ஓட்டப் போகிறாய் என்றால் இதையும் கவனி. ஜேமீட்டர் ஸ்கிரிப்டைத் தானாக மற்ற இயந்திரங்களுக்கு அனுப்பும், சிஎஸ்வி கோப்பை அனுப்பாது. ஒவ்வொன்றிலும் நீயே வைக்க வேண்டும். மூன்றிலும் ஒரே கோப்பை வைத்தால் ஒவ்வொரு டிக்கெட்டும் மூன்று தடவை கிழிபடும். வெட்டி மூன்று துண்டாக்கி ஆளுக்கொன்று வை.

எக்செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஷீட்டாகக் கண்ணால் பார்ப்பதற்கு அது நல்ல கருவிதான். ஆனால் டெஸ்டுக்கு ஊட்டுகிற கோப்பை அதில் திறந்து சேமிக்காதே. நம்ம ஊர் விலாசத்தையே எடுத்துக்கொள். கதவு எண் 3/12 என்று அடித்தால் டிசம்பர் 3 ஆக்கிவிடும். சைபரில் ஆரம்பிக்கும் எண்ணில் முன்னால் உள்ள சைபரை விழுங்கிவிடும். ஆதார் மாதிரி 12 இலக்க எண்ணை 1.23E+11 என்று சுருக்கிக் காட்டும், சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டியபடியே சேமிக்கும். எண்ணாகவே வைத்தால் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. 16 இலக்கக் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சைபராகிவிடும். விலாசத்தில் நாம் போடும் காற்புள்ளி ஒவ்வொன்றும் புதிய பத்தியாகப் பிரிந்து, பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் தாலுகா வந்து நிற்கும். நான் அதனால் காற்புள்ளிக்குப் பதில் டேப் வைத்துத்தான் பிரிக்கிறேன். எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் சிஎஸ்வியாக எக்செல் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். முதல் பத்தியின் பெயர் மட்டும் ஸ்கிரிப்டுக்குப் பிடிபடாமல் நீ மண்டையை உடைத்துக்கொண்டால், காரணம் அதுவாக இருக்கலாம்.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த பட்டியலைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அது 65,536 வரிக்கு மேல் தாங்காது. மிச்சம் உதிர்ந்துவிட்டது. அந்த மனிதர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் அதனால் தாமதமானது. இப்போதைய எக்செல்லுக்கு 10,48,576 வரி எல்லை. அதுவும் எல்லைதான்.

தமிழ்ப் பெயர்களையும் ஷீட்டில் சேர், மக்கா. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்து ஓட்டிவிட்டு நேரடிப் பயன்பாட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். குலசேகரம் என்பதைத் தமிழில் எழுதினால் யூடிஎஃப்-8-இல் 27 பைட். ஆங்கிலத்தில் அதில் பாதிகூட இல்லை. பைட் அளவில் இடம் ஒதுக்கிய பத்தியில் நம்ம ஊர் பாதியில் வெட்டுப்படும்.

இனி உங்க அப்பாவின் நோட்டு. போன ஓணத்துக்கு முந்தின நாள் பக்கத்தைக் காட்டினார். மற்ற நாட்களில் பக்கம் முழுக்கக் கால் கிலோ பிச்சி, அரைக் கிலோ அரளி என்று சின்னச் சின்ன வரிகள். அன்றைக்கு வரிகள் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் நாலைந்து வரி மட்டும் கேரள வியாபாரிகளுடையது, வண்டி வண்டியாக. அந்த நாலைந்து பேருக்குத்தான் அன்று கடை முழுவதும் ஓடியிருக்கிறது. பார்த்ததும் எனக்கு என் பழைய புராஜெக்ட் ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் டெஸ்ட் வாடிக்கையாளர்களை உருவாக்கினோம், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாலிசி. எல்லாப் பக்கமும் ஒரு விநாடிக்குள் வந்தது. நேரடியாகத் திறந்த முதல் நாளே ஏஜென்ட்டுகளின் திரை உறைந்தது, ஒவ்வொரு ஏஜென்டின் பெயரிலும் ஆயிரக்கணக்கில் பாலிசி. எண்ணிக்கையைச் சரியாக வைத்திருந்தோம், கனத்தை வைக்கவில்லை. கால் கிலோ வாங்குகிறவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஓணச் சந்தைக்குத் தயார் என்று சொன்னது போல. உன் ஷீட்டில் பெரிய வாடிக்கையாளர்கள் எத்தனை பங்கு, நடுத்தரம் எத்தனை, ஒன்றுமே இல்லாத புதியவர்கள் எத்தனை என்று நேரடி டேட்டாபேஸிலிருந்து எண்ணிக்கை மட்டும் கேட்டு வாங்கு. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஒரு ஸ்கிரிப்ட் உண்டாக்குகிற ஆர்டர் எண்ணை இன்னொரு ஸ்கிரிப்ட் எடுத்து ரத்து செய்ய வேண்டும் என்றும் சொன்னாய். கோப்பு அதற்குச் சரிப்படாது. லோடுரன்னர் என்ற இன்னொரு லோடு டெஸ்ட் கருவியில் விடிஎஸ் என்று ஒரு டேபிள் சர்வர் உண்டு, எல்லா யூசரும் நெட்வொர்க் வழியாக ஒரே அட்டவணையில் எழுதலாம், மேலிருந்து உருவி எடுக்கலாம். ஜேமீட்டருக்குச் சிம்பிள் டேபிள் சர்வர் என்ற பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணைக் கருவி) இருக்கிறது. வரியைப் படிக்கும்போது கீப் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் அந்த வரி அட்டவணையை விட்டுப் போய்விடும், ட்ரூ என்றால் வரிசையின் கடைசிக்குப் போகும். எல்லாம் நினைவகத்தில் இருப்பதால், நிறுத்துவதற்கு முன் சேவ் கொடுக்க மறக்காதே. மிஞ்சிய வரிகள் எவை என்று தெரிந்தால்தான் அடுத்த ஓட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. நீ அனுப்பிய படத்தில் அந்த ஷீட்டின் மேல் வரிகளைப் பார்த்தேன். பெயர், போன் எண், பிறந்த தேதி. அவை உண்மையான மனிதர்கள் மாதிரி இருக்கின்றன. யார் அனுமதியில் எடுத்தது என்று உடனே கேள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முன்பு ஒரு இடத்தில் டெஸ்ட் சர்வரின் எஸ்எம்எஸ் இணைப்பைத் துண்டிக்காமல் விட்டுவிட்டார்கள். உங்கள் பாலிசி காலாவதியாகிவிட்டது என்ற செய்தி நிஜமான ஆட்களுக்குப் போனது. ஒரு பெரியவர் போன் செய்தார். பணம் ஒழுங்காகக் கட்டினேனே, ரசீதெல்லாம் இருக்கிறதே என்று அவர் சொன்ன குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் யாருடைய எண்ணையும் தொடுவதில்லை, ஸ்கிரிப்ட் எழுதி நானே உருவாக்குகிறேன். ஆதார் எண் 0-விலோ 1-இலோ தொடங்காது. அதனால் 1-இல் தொடங்கும் எண்களை டெஸ்ட் சூழலில் மட்டும் ஏற்கும்படி டெவலப்பர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்ற கணக்கு முறையில் வரும் சரிபார்ப்பு இலக்கம், அதையும் கணக்கிட்டுப் போட வேண்டும். அப்போது அந்த எண் உயிரோடு இருக்கும் யாருடையதாகவும் இருக்க வாய்ப்பில்லை. உருவாக்கும் ஸ்கிரிப்டை, கோப்புகளின் பழைய வடிவங்களையும் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் வைத்துவிட்டால் ஷீட் தொலைந்தாலும் கவலையில்லை.

என் ஸ்கிரிப்டை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். உன் அட்டவணையின் பத்தித் தலைப்புகளை மட்டும் எனக்கு அனுப்பு, ஆட்களின் வரிகள் வேண்டாம். எது டிக்கெட், எது பெயர்ப்பலகை என்று இரண்டு பேரும் சேர்ந்து குறிக்கலாம்.

ஓணத்துக்கு லீவு கிடைத்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. தோட்டத்தில் ஒரு மட்டி வாழைக் குலை முற்றிக்கொண்டிருக்கிறது, அணில் பார்க்காதபடி சாக்கு கட்டி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் நீயே ஒரு போன் போடு.

உன் கூட்டுக்காரன்