நாற்பது எழுத்துக்குள் ஒரு கடையின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், லகர ளகரக் குழப்பம், வரி உடையும் இடத்தில் விழுங்கப்பட்ட எழுத்து என்று பிறர் பிழையைத் தேடியே என் கண் தேய்ந்தது. உங்கள் நாளிதழில் வந்த பிழைகளைச் சுட்டியும் இதற்கு முன் எழுதியிருக்கிறேன். ஒரு கடிதத்தை வெளியிட்டீர்கள், மற்றவை என்ன ஆயினவோ, போகட்டும். இந்த முறை பிழையை விட்டவன் நான்தான். என் வங்கிக் கணக்கு அறிக்கையில் இருந்த ஒரு வரியை, நான்கு மாதம் தொடர்ந்து பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அந்த வரியை உள்ளபடியே சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். முதலில் கே, வி, டி, பி. அடுத்து ஒரு நட்சத்திரக் குறி. அதன்பின் எம், எல், டபிள்யூ, எஸ். பிறகு கேள்விப்படாத ஓர் ஊரின் முக்கால் பெயர். மீதிக்கு இடம் போதவில்லை போலும். கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்து. உயிரெழுத்தே இல்லாத அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தும்மல் போல் இருக்கிறது. தொகை மிகச் சிறியது. வங்கிதான் ஏதோ சேவைக் கட்டணம் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். புரூஃப் பார்ப்பவன் செய்யவே கூடாத காரியம் இது. புரியாத சொல் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு மூலப்படியைக் கேட்டு வாங்க வேண்டும், ஊகத்தில் கடந்து போகக் கூடாது என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போர்மன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நள்ளிரவு, 2.17க்கு ஒன்று, 2.19க்கு ஒன்று, 2.23க்கு ஒன்று என்று மூன்று பெரிய தொகைகள் கணக்கிலிருந்து போயின. மூன்றுக்கும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கைப்பேசியை ஒலி அடக்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு நான் தூங்கியிருக்கிறேன். விடிந்ததும் பார்த்துவிட்டு, பதற்றத்தில் பீரோவைத் திறந்து பாஸ்புத்தகத்தைத் தேடினேன். எதற்குத் தேடினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மகள்தான் கைப்பேசியைப் பிடுங்கி, "அப்பா, முதலில் கார்டை முடக்குவோம், புத்தகம் எங்கும் ஓடிவிடாது" என்றாள். வங்கியின் செயலியில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதுநாள்வரை நான் அதைப் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தோம். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, இசை கேட்டு முடித்ததும் ஒரு பெண் பேசினார். "ஓ.டி.பி. எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா, ஐயா?" இல்லை என்றேன். சற்று நேரத்தில் அதே கேள்வி. மூன்றாம் முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓ.டி.பி. எதுவும் வரவே இல்லை, வராததை யாரிடம் சொல்வது? அதற்குப் பிறகுதான் அவர் ஒரு செய்தியைச் சொன்னார். எல்லா நாட்டு இணையதளங்களும் ஓ.டி.பி. கேட்பதில்லையாம். கார்டு எண், காலாவதி மாதம், பின்புறம் உள்ள மூன்று இலக்கம் ஆகியவை இருந்தாலே பணத்தை எடுத்துக்கொள்ளும் தளங்கள் பல உண்டாம். ஓ.டி.பி. தன் கையில் இருக்கும்வரை பணம் பத்திரம் என்று நம்பி வாழ்ந்தவனுக்கு இது நல்ல செய்தியாகப் படவில்லை.

அவர் கார்டை முடக்கிவிட்டதாகச் சொல்லி ஓர் எண் கொடுத்தார். புகார் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் சும்மா விசாரித்து வரலாம் என்று கிளைக்குப் போன இடத்தில், புகாரே பதிவாகவில்லை என்றார்கள். என்னிடம் இருந்தது கார்டை முடக்கியதற்கான எண். போன பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தனிப் படிவம், தனி எண். இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்கள் என்பார் இருக்கலாம். இரண்டு வேலை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

இதில் நாள் கணக்கு முக்கியம். ஓய்வில் இருப்பவனுக்கு நேரம் நிறைய இருப்பதால் விதிகளைப் படித்துப் பார்த்தேன். புகார் தெரிவிப்பதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. 2017 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்னும் நிலையில், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளர்மீது இழப்பு எதுவும் விழாது என்றது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று டெபிட் கார்டுக்கு, அறிக்கை அனுப்பியதிலிருந்து 60 நாள் வரை அவகாசம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி 13 மாதம் வரை கொடுக்கிறது. அங்கேயும் தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். எங்கே வசிப்பவராயினும் தம் வங்கியின் கெடு எத்தனை நாள் என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது; பணம் போன பிறகு அதைப் படிக்க மனம் நிற்காது.

இந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது. மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதியில் வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாள்தான் கணக்கு. சரி. தும்மல் போன்ற எட்டு எழுத்தை அனுப்பினால் அது தகவல் கிடைத்ததாக ஆகுமா?

கிளையில் ஓர் இளம் அதிகாரி பொறுமையாக நடந்துகொண்டார். ஆறு மாத அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்து, "உங்களுடையது இல்லை என்று தோன்றுவதையெல்லாம் குறியுங்கள், ஐயா" என்றார். அன்றுதான் அந்தத் தாளை நான் முறையாகப் படித்தேன். சட்டைப் பையில் சிவப்புப் பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. வரியின் அடியில் அளவுகோலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தேன். மூன்று பெரிய தொகைகளுக்கும் கேள்விக்குறி. அதோடு கே.வி.டி.பி. நட்சத்திரம் எம்.எல்.டபிள்யூ.எஸ். நான்கு முறை, நான்கும் மாதத்தின் ஒரே தேதியில்.

முதலில் சின்னத் தொகை எடுத்துக் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெரியதில் கை வைப்பது திருடர் வழக்கம்தான் என்று அந்த அதிகாரி சொன்னார். ஆனால் இது வேறு வகையாக இருக்கலாம் என்றும் ஐயப்பட்டார். படிவத்தில் ஒரு கேள்வி: "இந்த வணிகருடன் உங்களுக்கு இதற்கு முன் தொடர்பு உண்டா?" பேனா அங்கே நின்றுவிட்டது. யார் அந்த வணிகர் என்று தெரிந்தால்தானே உண்டு, இல்லை என்று எழுதலாம்? "தெரியவில்லை" என்பதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் "இல்லை" என்பதில் குறியிட்டேன்.

மூன்று பெரிய தொகைகளும் சில வாரங்களில் திரும்பி வந்தன. அதற்காக வங்கிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நான்கு சின்னத் தொகைகள் வரவில்லை. "வாடிக்கையாளர் ஆட்சேபமின்றித் தொடர்ந்து ஏற்றுக்கொண்ட பரிவர்த்தனை" என்று ஒற்றை வாக்கியத்தில் பதில். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். பொருளில்தான் பிழை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். புதிய கார்டு வந்தது. புதிய எண், புதிய காலாவதி மாதம், புதிய மூன்று இலக்கம். அந்த எண்ணை நான் எந்தத் தளத்திலும் இடவில்லை. கார்டை உறையிலிருந்து எடுத்ததே ஒருமுறைதான். அடுத்த மாதம் அதே தேதியில் கே.வி.டி.பி. நட்சத்திரம் மீண்டும் வந்து நின்றது. வங்கிக்குள்ளேயே திருடன் இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்; வீட்டிலும் அப்படித்தான் கத்தினேன்.

அப்படி இல்லையாம். கார்டு எண் மாறினால், மாதாமாதம் பணம் எடுக்கும் வணிகர்களுக்குப் புதிய எண்ணைத் தாமாகவே தெரிவிக்கும் வசதியை விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகள் நடத்துகின்றன. சந்தாக்கள் தடைப்படக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வசதி. வங்கிகள் பல அதில் சேர்ந்திருக்கின்றன. நாம் கார்டை முடக்கிப் புதியது வாங்குவது திருட்டுக்குத்தான் தடை. நாம் எப்போதோ கொடுத்த தொடர் அனுமதி அப்படியே உயிரோடு இருந்து புதிய கார்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். அதை வணிகரிடமே ரத்து செய்ய வேண்டும், வங்கியிடமும் அந்த அனுமதியை நிறுத்தச் சொல்லித் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தகவலைப் புதிய கார்டோடு வந்த பளபளப்பான மடிப்பிதழில் தேடிப் பார்த்தேன். சலுகைகள் பற்றி ஆறு பத்தி இருந்தது.

வணிகர் யார் என்று கண்டுபிடித்தவள் என் மகள். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பது பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்தின் சுருக்கம்; பின்னால் இருப்பதுதான் கடை. அந்தச் சுருக்கத்தைத் தேடிக்கொண்டே போனவள் ஒரு தளத்தின் நிபந்தனைப் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய பத்தியில், முழுப் பெயரோடு பிடித்துவிட்டாள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிக் கொடுக்கும் தளம். எனக்கு நெற்றியில் அடித்தது போல் நினைவு வந்தது. நண்பர் ஒருவரின் பழைய கட்டுரைத் தொகுப்பு, திறந்தால் வெறும் கோணல் மாணல் குறிகளாகத் தெரிந்தது. அதை மாற்றுவதற்கு அந்தத் தளத்துக்குப் போயிருந்தேன். "ஏழு நாள் இலவசம். சரிபார்ப்புக்காக மட்டும் கார்டு எண் தேவை" என்று போட்டிருந்தது. கொடுத்தேன். மாற்றப்பட்ட கோப்பில் ஒற்றெல்லாம் இடம் மாறிக் கிடந்தது, அது வேறு கதை.

ஆக, படிவத்தில் நான் எழுதிய "இல்லை" தவறு. தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தளத்தின் பெயருக்கும் அறிக்கையில் வந்த பெயருக்கும் ஓரெழுத்துகூடப் பொதுவில் இல்லை. ஏழு நாள் முடிந்ததும் பணம் பிடிப்பார்கள் என்பதும் அதே நிபந்தனைப் பக்கத்தில் அதே பொடி எழுத்தில் இருந்தது. அதை என் சம்மதம் என்கிறார்கள்.

பெயரை ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டால் இடமில்லை என்கிறார்கள். அது உண்மைதான். கார்டில் பணம் எடுக்கும்போது கணினிகளுக்கிடையே போகும் செய்திகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8583 என்ற தரம் 1987இல் வந்தது. அதில் வணிகரின் பெயருக்கும் இடத்துக்கும் சேர்த்து 40 எழுத்து. பெயருக்குக் கொஞ்சம், ஊருக்குக் கொஞ்சம், நாட்டுக்குக் கொஞ்சம். ஆசிரியர் அவர்களே, நாற்பது எழுத்துக்குள் ஒரு தலைப்பு எழுதுவது உங்கள் துணை ஆசிரியர்களுக்கு நாள்தோறும் நடக்கிற வேலை. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் போதவில்லை என்று அவர்கள் உயிரெழுத்தை எடுத்துவிட்டு அனுப்பினால் நீங்கள் அச்சுக்கு விடுவீர்களா? சுருக்குவது ஒரு கலை, ஒளிப்பது வேறு.

தவிரவும் வங்கியிடம் இருப்பது அந்த நாற்பது எழுத்து மட்டுமல்ல. ஒவ்வொரு வணிகருக்கும் என்ன தொழில் என்று காட்டும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. இது ஒருமுறை வாங்கியதா, மாதாமாதம் தொடர்வதா என்று காட்டும் குறியும் வலையமைப்பு அனுப்பும் செய்தியிலேயே வருகிறது. இவ்வளவும் வங்கியின் கணினிக்குத் தெரியும். எனக்கு வரும் குறுஞ்செய்தியில் மட்டும் இல்லை. "மென்பொருள் சேவை, தொடர் சந்தா, முதல் மாதம்" என்று நான்கைந்து தமிழ்ச் சொற்கள் வந்திருந்தால் முதல் மாதமே பிடித்திருப்பேன். கூடவே "இது நான் செய்ததல்ல" என்று பதில் அனுப்ப ஒரு வழியும், அப்படி அனுப்பினால் முடக்கமும் புகாரும் ஒருசேரப் பதிவாகும் ஏற்பாடும் இருந்தால் என் மகளுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் மிஞ்சியிருக்கும். வங்கிகளை நடத்துபவர்களும் அவற்றைக் கண்காணிப்பவர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள்தாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சந்தாவை ரத்து செய்தாயிற்று. "நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம்" என்று பதில் வந்தது. ஐந்தாவது தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். வரவு வைக்கப்பட்ட அந்த வரியும் கே.வி.டி.பி. நட்சத்திரம் என்றே வந்திருக்கிறது.

இந்த மாத அறிக்கை நேற்று வந்தது. பதினொரு வரிகள். ஒன்பது அடையாளம் தெரிந்தது. மீதி இரண்டின் ஓரத்திலும் சிவப்பில் கேள்விக்குறி போட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை வங்கி திறந்ததும் அந்த இளம் அதிகாரியைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் திருத்துநர் ஒருவர்

(பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம். கடிதத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இருக்காது என்று நினைக்கிறேன்.)